கடைக்கு அனுப்பியவள்

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா. போட்ட இடத்துல கிடந்தேன்," என்றாள் அம்மா, மனநல ஆலோசகரிடம்.

மகள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். பிடிவாதமாகக் கூட்டி வந்தவள் அவள்தான்.

அப்பா இறந்த பிறகும் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. பொழுது சாய்ந்தால் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

அடி வாங்கிய கதையை அம்மா ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். அப்பா குடித்துவிட்டு வருவார். கைக்கு அகப்பட்டதை எடுப்பார். அம்மா வாயைத் திறக்க மாட்டாள்.

அவ்வளவுதான்.

ஏன் பொறுத்துக்கொண்டீர்கள் என்று ஆலோசகர் கேட்கவில்லை. குடித்திருக்கிறார் என்று எப்போது தெரியும் என்று கேட்டார்.

செருப்புச் சத்தத்தில் தெரியும் என்றாள் அம்மா. குடித்திருந்தால் ஒரு கால் தரையைத் தேய்க்கும். தெருமுனை திரும்பும்போதே பிடிபட்டுவிடும்.

தெரிந்ததும் என்ன செய்வீர்கள்?

அம்மா கொஞ்சம் யோசித்தாள். இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அடுப்பை அணைப்பாள். கத்தியை அரிசி டப்பாவுக்குள் புதைப்பாள். பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கி வைப்பாள். அப்புறம் இவளைக் கடைக்கு அனுப்புவாள்.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

உப்பு, தீப்பெட்டி, சோப்பு. மழையிலும் அனுப்பியிருக்கிறாள். டப்பா நிறையச் சர்க்கரை இருந்த நாளிலும் சர்க்கரை வாங்க அனுப்பியிருக்கிறாள். எந்நேரமும் கடை வாசலில் நின்றதால் தெருவே 'கடைக்குட்டி' என்று கூப்பிட்டுச் சிரித்தது.

அம்மாவுக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது என்றுதான் மகள் நினைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சண்டையில் அதை முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். அன்றும் அம்மா வாயைத் திறக்கவில்லை.

அங்கே குழந்தை பத்திரமாக இருக்கும் என்று எப்படி நம்பினீர்கள்?

கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாளாம். கேட்டதை உடனே கொடுக்க வேண்டாம், நான் வந்து நிற்கும்வரை பிடித்து வையுங்கள் என்று.

மகளுக்கு அந்தக் கடைக்காரர்மேல் தீராத கோபம் இருந்தது. தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தன்னை மட்டும் கடைசிவரை நிறுத்தி வைப்பார்.

ஆலோசகர், கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல முடியுமா என்றார்.

இந்த முறை அது அப்பாவிடமிருந்து தொடங்கவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று தொடங்கியது. அம்மாவின் முதுகு நாற்காலியில் நிமிர்ந்தது. இவள்மேல் ஒரு அடி விழ விட்டதில்லை என்று சொன்னபோது, அந்தக் குரலில் இருந்த பெருமையை மகள் அதற்குமுன் கேட்டதே இல்லை.

மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆலோசகருக்கும் மனது நிறைந்திருக்க வேண்டும். இவ்வளவு நல்ல யோசனை முதன்முதலில் எப்போது தோன்றியது என்று கேட்டார்.

அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"சின்னவன் போன மறுநாள். இவளுக்காவது நடக்கத் தெரியுதேன்னு தோணுச்சு."



அடுத்த கேள்வியை மகள்தான் கேட்டாள்.

"தம்பிக்குக் காய்ச்சல்னுதானேம்மா சொன்னே?"