பழைய லைன்

வீடு முழுவதற்கும் ஒரே ஃபில்டராகப் போட்டுவிடுவது என்று தினேஷும் சுகன்யாவும் முடிவு செய்திருந்தார்கள். எந்த மாடல் சரிவரும் என்று பார்க்க வந்த இர்பான், போர்வெல் தண்ணீரில் விரல் நீளக் கருவியொன்றை முக்கியெடுத்தான். கரைந்திருப்பது எதுவானாலும் அது பெயர் சொல்லிவிடும்.

"உப்பு ஜாஸ்திங்க. ஃப்ளோரைடும் இருக்குது. அப்புறம் வலிப்பு மாத்திரையோட மருந்து கொஞ்சம் கலந்திருக்குதுங்க. வீட்டுல யாராச்சும் சாப்பிடறாங்களா?"

"இப்ப யாருமில்லீங்க," என்றார் தினேஷ்.

சுகன்யா ஜன்னல் பக்கம் திரும்பினாள். சொந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்வதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் தோட்டம் முழுக்கப் பாறை. மகள் யாழினிக்குக் குழி வெட்டியபோது, போர்வெல்லை ஒட்டித்தான் கடப்பாரை இறங்கியது. பத்து வயதிலிருந்து அந்த மாத்திரையை விழுங்கிய பெண். மேலே நட்ட தென்னை இந்த வருடம் பாளை விட்டிருந்தது.

"பெரிய மாடல் போட்டா துளிகூட மிஞ்சாதுங்க. எல்லாக் குழாய்லயும் சுத்தமான தண்ணிதான்."

"அதையே போட்டுருங்க," என்றார் தினேஷ்.

"சமையக்கட்டுக் குழாய் மட்டும் பழைய லைன்லயே இருக்கட்டுங்க," என்றாள் சுகன்யா.

இர்பான் சிரித்தான். "குடிக்கற தண்ணிக்குத்தானுங்கம்மா ஃபில்டரே."

தினேஷ் மனைவியைப் பார்க்கவில்லை. "அவ சொல்றாப்பலயே பண்ணுங்க."

மாலையில் வேலையை முடித்துக்கொண்டு இர்பான் கிளம்பினான். தினேஷ் புதுத் தண்ணீரில் கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். சமையலறைக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு அதே சொம்பை நிரப்பிச் சுகன்யாவிடம் நீட்டினார்.