சிவப்பு வெள்ளை நூல்

மார்ச் முதல் தேதி. பல்கேரியாவின் பிளவ்திவ் நகரப் பள்ளி ஒன்றின் இந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் மணிக்கட்டிலும், வசந்தத்தை வரவேற்க வீட்டார் கட்டிவிட்ட சிவப்பு வெள்ளை நூல் இருக்கிறது. யோவானாவின் கை மட்டும் வெறுமையாக இருக்கிறது. அந்தக் கையில் கத்தரிக்கோல். இடது கையைப் பின்னால் பெஞ்சு முதுகில் போட்டபடி எழுதும் முன்பெஞ்சு மில்காவின் நூலை நோக்கி அது மெல்ல நகர்கிறது. பிள்ளைகள் எழுத வேண்டிய பாடத்தை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வேலிச்கா டீச்சர் நடந்து வந்து யோவானாவின் அருகில் நிற்கிறார். ஜன்னல் வெயிலில் கத்தரி மினுங்குகிறது. டீச்சர் தன் பையிலிருந்து இரண்டு சிவப்பு வெள்ளை நூல்களை எடுத்துக் கையை நீட்டுகிறார். “ஒத்தைக் கையால கட்ட வரல. எனக்கு நீ கட்டு, உனக்கு நான் கட்டுறேன்.” நாக்கைக் கடித்துக்கொண்டு யோவானா முடிச்சுப் போடுகிறாள். “நுனி நீளமா இருக்கு பாரு. கத்தரிதான் கையில இருக்கே, நறுக்கிடு.” மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்குகிறாள். அவள் மணிக்கட்டிலும் நூல் ஏறுகிறது. “வசந்தத்துல முதல் நாரை வர்ற வரைக்கும் அவுக்காத,” என்றுவிட்டு டீச்சர் அடுத்த வரியைச் சொல்லத் தொடங்குகிறார். யாரும் சொல்லாமலே கத்தரி யோவானாவின் பென்சில் பெட்டிக்குள் போகிறது. “மெதுவா சொல்லுங்க டீச்சர், நான் இன்னும் முதல் வரியே எழுதல,” என்கிறாள் யோவானா.