சிவப்புத் துணி

செந்துறையில் ஒரு வீட்டு வாசலில் பைக் சாய்ந்து கிடக்கிறது. முன்சக்கரத்தில் மாட்டிய பூட்டு, வண்டி நகர்ந்ததுமே முட்டிக் கவிழ்த்துவிட்டது. அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இலக்கியாவின் வலது கால் வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. இன்று அரியலூர் மைதானத்தில் அவளுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இளவெயில் அவளுடைய புது ஷூவின் வெள்ளைக் கயிற்றில் விழுகிறது. சிமெண்ட் லாரி ஒன்று கடந்துபோக, எழுந்த புழுதி மெதுவாக அவள் பின்னலில் படிகிறது. காலை உருவிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறாள். கணுக்கால் ஊன்ற விடவில்லை. அப்படியே உட்கார்ந்துகொள்கிறாள்.

"பூட்டு போட்டா மறக்காம இருக்க ஹேண்டில்ல துணி கட்டுவியேப்பா."

குரலில் கோபம் இல்லை. அப்பா சாமிதுரை சுவரோரம் பார்க்கிறார். நேற்று பைக்கில் ஏற்றி வந்த மூங்கில்கள் அங்கே சாத்தியிருக்கின்றன. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று, நீட்டிக்கொண்டிருந்த நுனியில் அவர் ஹேண்டிலிலிருந்து அவிழ்த்துக் கட்டிய அந்தச் சிவப்புத் துணி காற்றில் ஆடுகிறது.

அவர் பூட்டைத் திறக்கிறார். வண்டியை நிமிர்த்துகிறார். இப்போது சக்கரம் தடையில்லாமல் உருளுகிறது.

"பஸ்ல போயிரலாமா பாப்பா?"

"போயி?"

சாமிதுரை மூங்கிலிலிருந்து துணியை அவிழ்த்து, ஹேண்டிலில் சுற்றிக் கட்டுகிறார்.

"இப்ப எதுக்குப்பா அது?"

அவர் இன்னொரு முடிச்சும் போட்டு, பல்லால் இழுத்து இறுக்குகிறார்.