ஓட்ஸ் கட்சி

வெள்ளைச் சட்டையின் காலரில் எண்ணெய்க் கறை!

தைத்து முடித்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் அக்கா சட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். வறுத்த கோழி. சந்தேகமே இல்லை. ஒரு மாதமாக எதையுமே மெல்லாதவளின் மூக்கை ஏமாற்ற முடியுமா?

அந்தத் தையல் கூடத்தில் துணி இருக்கும் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலமே போகக் கூடாது. மீறினால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். முதலாளி போட்ட சட்டம். கறையைக் கண்டால், அது யார் வேலை என்று கண்டுபிடித்து அவரிடம் சொல்வது அக்காவின் பொறுப்பு.

ஆனால் யாரைச் சொல்வது? கூடத்தில் இப்போது யாருமே மத்தியானம் சாப்பிடுவதில்லையே! எல்லோரும் அக்காவின் கட்சி. ஓட்ஸ் கட்சி.

விஷயம் இதுதான். மாடிப்படியில் வழுக்கி விழுந்து அக்காவுக்குத் தாடை எலும்பு முறிந்துபோனது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டு இறுக்கிவிட்டார் டாக்டர். ஸ்ட்ராவில் உறிஞ்ச முடிவதுதான் சாப்பாடு. கடையில் டப்பா போட்டு விற்கும் சத்து மாவின் விலையைக் கேட்டதும், அவளுக்கு முறியாத எலும்பெல்லாம் வலித்தது.

"நீயும் வேணாம், உன் டப்பாவும் வேணாம்" என்று வீட்டுக்கு வந்தாள். ஓட்ஸை வாசம் வர வறுத்து, மிக்ஸியில் நைசாக அரைத்து, சலித்து வைத்துக்கொண்டாள். அதோடு வேர்க்கடலை, பேரீச்சம்பழம், பால். நன்றாக அடித்து வடிகட்டினால் ஒரு பாட்டில். வயிறும் நிறைந்தது, பர்ஸும் பிழைத்தது.

வேலைக்குத் திரும்பிய மறுநாளே கட்டிங் மாஸ்டர் தொப்பையைத் தடவிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, எனக்கும் அந்தப் பக்குவத்தைச் சொல்லிக் குடேன். சட்டை வெட்டுறவனுக்கே சட்டை பத்தலைன்னா நல்லாவா இருக்கு?"

அடுத்து பட்டன் தைக்கும் பெண். "அக்கா, கல்யாணத்துக்குள்ள நானும் இளைச்சாகணும்!"

அதற்கடுத்து இஸ்திரிக்காரர். அவரே ஒல்லிக்குச்சி. அவர் எதற்காக இளைக்க வேண்டும் என்று கேட்க அக்காவுக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் அக்காவைக் கையில் பிடிக்க முடியுமா? கட்டிப்போட்ட பல்லுக்கு நடுவிலேயே அதிகாரம் தூள் பறந்தது.

"வறுக்காம அரைச்சா வழவழன்னு கூழாயிடும், எத்தனை தடவை சொல்றது?"

"என்ன மாஸ்டர், அடியில இவ்வளவு திப்பி? சலிக்கச் சோம்பேறித்தனமா?"

வீட்டில் புருஷனிடம் ஒரே பெருமை. "கூடமே என்னைப் பார்த்துத் திருந்திடுச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி!"

அப்படிப்பட்ட இடத்தில்தான் இப்போது கோழி வாசனை.

அன்று மத்தியானம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சினார்கள். அக்கா ஓரக்கண்ணால் ஒவ்வொரு முகமாக அளந்தாள்.

"அமிர்தம் தங்கச்சி, அமிர்தம்!" என்றார் மாஸ்டர், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

வழக்கம்போல, பார்த்து முடித்த சட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு மாடி ஏறினாள். கறைச் சட்டை தனியாகக் கையில் இருந்தது. பாதிப் படியில் என்னவோ தோன்ற, சத்தம் போடாமல் திரும்பி வந்தாள்.

துணிக் கிடங்குக்குள் டப்பாக்கள் உருளும் சத்தம்!

கதவைத் தள்ளினாள்.

மாஸ்டர் வாயில் கோழிக்கால். பட்டன் பெண்ணுக்கு இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. துணிச் சுருளுக்குப் பின்னால் குந்தியிருந்த இஸ்திரிக்காரர், விரலை நக்கியது நக்கியபடி சிலையாகிவிட்டார்.

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாய் கிழியக் கத்தலாம் என்றால், வாயைத் திறக்க முடிந்தால்தானே!

"என் கண்ணு முன்னாடி அமிர்தம், அந்தப் பக்கம் போனதும் கோழி! இத்தனை நாளா என்னைக் கேலி பண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க. நான் ஒரு கிறுக்கி, உங்களுக்குப் பாடம் வேற நடத்தியிருக்கேன்."

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம்.

"இப்பவே முதலாளிகிட்டப் போறேன். மூணு பேர் சீட்டையும் கிழிக்கச் சொல்றேன்."

மாஸ்டர் அவசர அவசரமாக விழுங்கினார்.

"தாராளமா சொல்லு தங்கச்சி. கறை என் கை வேலைதான். ஆனா கேலின்னு மட்டும் சொல்லிடாதே. அந்தக் கண்றாவியைக் கேலிக்காக எவனாவது மூணு வாரம் குடிப்பானா?"

"அப்புறம் என்ன எழவுக்குக் குடிச்சீங்க?"

மாஸ்டர் பட்டன் பெண்ணைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கடைசியில், அதிகம் பேசாத இஸ்திரிக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்.

"நீ வேலைக்குத் திரும்பின அன்னைக்கு, நாங்க சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும், நீ பாட்டிலை மறைச்சு எடுத்துக்கிட்டுப் போய்க் குழாயடியில தனியா நின்னு குடிச்சியேம்மா... அன்னைக்கு எங்க ஒருத்தருக்கும் சாப்பாடு இறங்கலை."