ஐந்தாவது தாட்ஹௌக்

நார்வே நாட்டு மக்களுக்கு மிக முக்கியமான அறிவிப்பொன்று அன்று காலை எட்டு மணிக்கு வெளியிடப்பட்டது. வெளியிட்டவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிக்வார்ட் தாட்ஹௌக். கேட்டவர்கள், அவர் மனைவி போர்கில்டும் பக்கத்து வீட்டுப் பூனையும்.

"இன்னியோட பேரனுக்கு ஆறு மாசம் முடிஞ்சுது," என்றார், தோட்டத்துக் கம்பத்தில் தேசியக் கொடியை ஏற்றியபடி. "ஜெயிச்சாச்சு."

"யாரை?"

"ஹான்சென்களை."

மருமகன் ஸ்டைனார் ஒரு ஹான்சென். தடுக்கி விழுந்தால் ஒரு ஹான்சென் மேல்தான் விழ வேண்டும், நாட்டில் அத்தனை பேர். அந்தக் கூட்டத்தில் தன் ஒரே பேரனைத் தொலைக்க சிக்வார்ட் தயாராக இல்லை.

சட்டம் அவர் பக்கம் இருந்தது. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் அதன் குடும்பப் பெயரைப் பெற்றோர் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தாயின் குடும்பப் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். தாய், சிக்வார்டின் மகள் இங்குன்.

ஆகவே ஆறு மாதமும் அவர் ஒரே வேலைதான் பார்த்தார். யாரையும் எந்தப் படிவத்தையும் நிரப்ப விடவில்லை. ஈஸ்டருக்கு மலைக்குடிலில் கூடியபோது பேச்சு எழுந்தது. "பேர் விஷயம் பாருங்க, நல்லா ஆறப்போட்டு யோசிங்க," என்றார்.

"அவசரமே இல்ல மாமா," என்று ஸ்டைனார் இன்னொரு ஆரஞ்சை உரித்தான். இவ்வளவு சோம்பேறியான மாப்பிள்ளை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்று சிக்வார்ட் உள்ளுக்குள் பூரித்தார்.

'ஹௌக்' என்றால் மேடு. அதில் தகராறு இல்லை. 'தாட்' என்பது ஒரு குறுநில மன்னன், அவனைப் புதைத்த மேடுதான் எங்கள் பூர்வீகப் பண்ணை என்று சிக்வார்ட் இருபது வருடம் ஆராய்ந்து புத்தகம் போட்டிருந்தார். பள்ளத்தாக்கில் மற்ற எல்லோருக்கும் அந்தச் சொல்லுக்கு எரு என்றுதான் அர்த்தம்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து மேட்டைத் தோண்டினார்கள். ஆளுயரத்துக்குக் குதிரைச் சாணமும், உடைந்த கரண்டி ஒன்றும் கிடைத்தன. இரண்டாம் பதிப்பில், 'மன்னனின் குதிரைப்படை' என்று ஓர் அத்தியாயம் கூடியது.

ஏழு வயதில் இங்குன் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "என்னை எருமேடுன்னு கூப்பிடறாங்கப்பா." சிக்வார்ட் வம்சாவளிப் படத்தை மேசையில் விரித்துக் காட்டினார். அழுகை நிற்கவில்லை. படம் நனைந்துவிடுமே என்று சுருட்டி வைத்தார்.

எந்தக் குடும்பப் பெயர் எத்தனை பேருக்கு என்று புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு ஜனவரியும் வெளியிடும். போன வருடம் தாட்ஹௌக் ஐந்து: அவர், மனைவி, மகள், பெர்கனில் இருக்கும் தம்பி, தம்பி மனைவி. இந்த வருடம் நான்கு.

தம்பிக்குப் போன் போட்டார். "நான் செத்துட்டேனான்னு கேக்கத்தான் கூப்பிட்டியா? இல்லண்ணே. இவளும் இருக்கா, காப்பி போடறா."

"எவனோ குமாஸ்தா தப்பா எண்ணியிருக்கான்," என்று சிக்வார்ட் முடிவு கட்டினார். புகார் எழுதவில்லை. "போகட்டும், குறையக் குறைய மதிப்புதான். தங்கம் மாதிரி."

"இன்னும் குறையும்," என்றாள் போர்கில்ட், வாஃபிள் அச்சில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

பதினொரு மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு வந்தார்கள். மேசையில் பெரிய கிரீம் கேக். அதன்மேல் சிவப்பு எழுத்தில் 'அஸ்லாக் தாட்ஹௌக்'. சிக்வார்ட் எழுந்து நின்று கரண்டியால் கோப்பையைத் தட்டினார். அவர் கோப்பையைத் தட்டினால் காப்பி ஆறிவிடும் என்பது குடும்பத்துக்குத் தெரியும்.

மன்னன் தாட் வந்தான், குதிரைப்படை வந்தது, காப்பி ஆறியது. "தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை," என்று கடைசியாக விஷயத்துக்கு வந்தார். "நீங்க படிவம் நிரப்பல. நான் நிரப்ப விடல. இனி ஆக வேண்டியதைச் சட்டம் பாத்துக்கும். நம்ம அஸ்லாக் இன்னியிலிருந்து, சர்க்கார் கணக்குப்படி, நாட்டுலயே ஐந்தாவது தாட்ஹௌக்."

"அந்தச் சட்டம் எங்களுக்கும் தெரியும்பா," என்றாள் இங்குன். "அதான் நாங்களும் சும்மா இருந்தோம்."

சிக்வார்ட் மேசையைச் சுற்றி மகளிடம் வந்தார். இத்தனை வருடம் இந்தப் பெண்ணைத் தப்பாக எடை போட்டுவிட்டோமே. "என் ரத்தம்டி நீ," என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஸ்டைனார் ஜன்னல் வழியே கொடியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான். இங்குன் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"அப்பா, கல்யாணத்தப்பவே நான் ஹான்சென்னு மாத்திக்கிட்டேன்."

சிக்வார்ட் உட்கார்ந்தார். கரண்டி இன்னும் கையில் இருந்தது. மகளைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார், சுவரில் தொங்கிய வம்சாவளிப் படத்தைப் பார்த்தார். கடைசியில் நாற்பத்தோரு வருடத் துணையின் பக்கம் திரும்பினார்.

"போர்கில்ட், நீயாவது இவளுக்கு எடுத்துச் சொல்லு. மிச்சம் இருக்கறது நாம நாலே பேர்."

"மூணு," என்றாள் போர்கில்ட், கேக்கின் மேலிருந்த எழுத்துகளைக் கத்தியால் வழித்தெடுத்தபடி. "நான் திங்கக்கிழமை மாத்திட்டேன்."