கருநீலக் குடல்

நர்ஸ் கொடுத்த மாத்திரை வடிவக் கேமராவை வாயருகே கொண்டுபோய், ஒரு டம்ளர் தண்ணீரையும் காலி செய்த கணவரைப் பெருமையோடு பார்த்தாள் மனைவி.

"எரியிற வீட்டுக்குள்ளேயே போறவரு, டாக்டர். தீயணைப்பு ஆபீசர். இதெல்லாம் அவருக்கு ஒண்ணுமேயில்ல."

எட்டு மணி நேரம் கழித்து, கேமரா அனுப்பியிருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்ட டாக்டரின் முகம் மாறியது. மனைவி எழுந்து திரையருகே வந்தாள். கணவரின் உடம்பில் ரத்தம் ஏன் குறைகிறது என்று தெரியாமல் மூன்று மாதமாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

"குடல் இளஞ்சிவப்பா இருக்கணும். இது கருநீலமா இருக்கே," என்றார் டாக்டர்.

"அந்த வெள்ளை வட்டம் புண்ணா டாக்டர்? நடுவுல நாலு ஓட்டை வேற இருக்கு." அவள் குரல் உடைந்தது.

"பொத்தான்மா. சட்டையிலேர்ந்து அறுந்தது போல."

கணவர் தலையைக் குனிந்தபடி, தன் கருநீலச் சட்டைப் பையிலிருந்து கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தொண்டையில சிக்கிக்குமோன்னு பயமா இருந்துச்சு. வெறும் தண்ணிய மட்டும் குடிச்சிட்டேன்."

"சிஸ்டர், புதுசு ஒண்ணு எடுத்துட்டு வாங்க," என்றார் டாக்டர்.

மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாயைத் திறங்க."