எட்டு எச்.பி. மோட்டார்

பட்டப்பகலில், அணைக்கு நடுவே ஆள் உயரத்துக்கு நிற்கும் பாறையில் நேராகக் கொண்டுபோய்ப் படகை மோதினான் வேடியப்பன். மோட்டாரும் புரொப்பல்லரும் போயின. பாறைதான் குறுக்கே வந்துவிட்டது என்று ஊருக்குள் சொல்லிப் பார்த்தான், யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மனைவி ஆயம்மாளுடன் மலையிறங்கி, கள்ளக்குறிச்சி மோட்டார் கடைக்கு வந்தான்.

"பழைய படகு. பதினஞ்சு எச்.பி. போட்டா பின்பலகை பிச்சிக்கும். எட்டே போதும்," என்றார் கடைக்காரர் நாராயணசாமி.

வேடியப்பன் புரொப்பல்லர் இறக்கைகளைத் தடவிப் பார்த்தான். "வேகமா போறதா குடுங்க."

"வேணாங்க. மெதுவா போனாலும் மூட்டைய இழுக்கறதா குடுங்க," என்றாள் ஆயம்மாள்.

"ஓட்றவன் நானு. நீ இன்னா நடுவுல?"



"கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றதா, சாவி போடறதா?" என்றார் கடைக்காரர்.

"சாவிங்க," என்றாள்.

வேடியப்பனுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷம் கயிறு இழுத்த கை. "ஏன், என் கையில இன்னா கொறைச்சல்?"

கடைக்காரர் பாரம் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"ஓட்றவரு எத்தினி கிலோ?"

"நாப்பத்தஞ்சு," என்றாள் ஆயம்மாள்.

வேடியப்பன் தொப்பையைத் தட்டிச் சிரித்தான். "இதுவே அவ்ளோ வருமே. யாரு எடைய சொல்லிக்கினு இருக்க?"

ஆயம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னோடது மாமா. இனிமே நான்தான் ஓட்டப்போறேன். ரெண்டு மாசமா என்னையே நீ கொரல வச்சுதான் கண்டுபிடிக்கிற. உனக்குக் கண்ணு தெரியல."